பெங்களூரில் எழும்ப மறுக்கும் ஹாரியர்: பிழை மென்பொருளிலா, என்னிடமா?

கோரமங்கலா குமரன்:
நேற்று இரவு கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் ஹாரியர் போர் விமானத்தை நம் ஊரின் பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் நிறுத்தினேன். உள் தொட்டி நிறைய எரிபொருள், இறக்கைக்கு அடியில் 500 பவுண்டு குண்டு இரண்டு, நேரம் மதியம் ஒரு மணி, வெயில் 35 டிகிரி. இயந்திரத்தின் காற்று வெளியேறும் நாசில்களைக் கீழ்நோக்கித் திருப்பி, விசையைக் கூட்டும் திராட்டில் நெம்புகோலை முழுவதும் தள்ளினேன். இயந்திரம் அலறியது. மேசைமேல் இருந்த காபி டம்ளர் அதிர்ந்தது. விமானம் மட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது. செங்குத்தாக எழும்பும் விமானம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். இது மென்பொருள் பிழை என்கிறேன். புகார் எழுதுவதற்கு முன் மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அல்சூர் பெரியவர்:
நான் மறுக்கிறேன் தம்பி. விமான இயந்திரப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் கை கறுக்க வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஓட்டியது அமெரிக்க மரைன் படை பயன்படுத்திய ஏவி-8பி வகை ஹாரியர். வெறும் விமானம் சுமார் 6,340 கிலோ. உள் தொட்டி எரிபொருள் 3,500. இயந்திரத்தைக் குளிர்விக்கப் பாய்ச்சும் நீர் 227. குண்டுகள் 450. விமானியாக நீங்கள் ஒரு 100 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 10,600 கிலோவைத் தாண்டுகிறது. அதன் பெகாசஸ் இயந்திரம் நீர் பாய்ச்சித் தன் முழுப் பலத்தைக் காட்டினாலும் உந்துவிசை ஏறத்தாழ அதே 10,600தான். அதுவும் கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில்.

நம் எச்ஏஎல் ஓடுதளம் கடல் மட்டத்துக்கு மேலே 2,900 அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. அங்கே 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் குறைந்துவிடும். காற்று மெலிந்தால் உந்துவிசையும் ஏறத்தாழ அதே அளவுக்கு மெலியும். கையில் 8,900 கிலோ விசையை வைத்துக்கொண்டு 10,600 கிலோவைத் தூக்கப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் மென்பொருள் உண்மையைத்தான் சொன்னது.

மாட்டுங்கா மணி:
பெரியவர் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் நான் மும்பை விமான நிலையத்தில் இதே ஹாரியரை வாரம் மூன்று முறை செங்குத்தாக எழுப்புகிறேன். அலுவலகம் முடிந்து, நெரிசல் ரயிலில் நசுங்கி, இரவு பத்து மணிக்கு வீடு வந்து உட்காருபவனுக்குக் காற்றின் அடர்த்திப் பாடம் எதற்கு? பொத்தானை அழுத்தினால் எழும்ப வேண்டும். எடைக் கணக்கை அணைத்துவைக்க ஒரு வசதி கொடுக்காதது நிறுவனத்தின் குறைதான். நான் குமரன் பக்கம்.

அல்சூர் பெரியவர்:
எவ்வளவு எரிபொருளோடு எழுப்புகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

மாட்டுங்கா மணி:
பாதித் தொட்டி. குண்டு இல்லை. அதனால் என்ன?

ஜெயநகர் ஜெயந்தி:
அதனால்தான் எல்லாம்! மும்பை ஓடுதளம் கடலிலிருந்து 40 அடி உயரம்கூட இல்லை. பாதித் தொட்டியோடு உங்கள் எடை 8,400 கிலோ சொச்சம். தாராளமாக எழும்பும்.

எனக்கு இந்த வாதத்தின் அடிப்படையே பிடிக்கவில்லை. ஹாரியர் என்றாலே எல்லோரும் எழும்புவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நிஜத்தில் அது பெரும்பாலும் ஓடித்தான் எழும்பியது. நம் கடற்படையின் சீ ஹாரியர்கள் 1983 முதல் 2016 வரை பறந்தன. அவை பறந்த விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் முன்முனையில் 12 டிகிரி சாய்வில் ஒரு வளைமேடை இருந்தது. குறைந்த தூரம் ஓடி, அந்த மேட்டில் ஏறித் துள்ளி, நாசில்களைத் திருப்பிக்கொண்டு போய்விடும். செங்குத்தாக எழும்பினால் எரிபொருளையும் ஆயுதத்தையும் பாதி கீழேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருக்கும். செங்குத்து வித்தை அப்போதுதான் வேண்டும், இறங்குவதற்கு.

அந்த இறங்குதலை ஒரு முறை ஒழுங்காகச் செய்து பாருங்கள். திராட்டிலும் நாசில் நெம்புகோலும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் இடது கைதான். என்னிடம் இருப்பது இரட்டை நெம்புகோல் கொண்ட பழைய கருவி. இரண்டும் ஒரே வடிவம். ஒரு நாள் இருபது மீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, திராட்டிலைச் சற்றுக் கூட்டுவதாக நினைத்து நாசிலைப் பின்னோக்கித் திருப்பிவிட்டேன். தாங்கிக்கொண்டிருந்த விசை முழுவதும் வாலுக்குப் பின்னால் போயிற்று. விமானம் தேங்காய் விழுவது போல விழுந்தது. மறுநாள் நாசில் நெம்புகோலில் பால் பாக்கெட்டுக்குப் போடும் ரப்பர் வளையங்கள் நான்கைச் சுற்றினேன். இப்போது பார்க்காமலே விரலுக்குத் தெரிகிறது.

கண்ணாடிக்கு வெளியே சிறு காற்றுத் தகடு ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அலங்காரம் அல்ல. இறக்கை இன்னும் முழுதாகத் தாங்காத, மிதப்பும் ஆகாத இடைப்பட்ட வேகத்தில் மூக்கு காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பினால், முன்புறக் காற்றுவாய்கள் இழுக்கும் விசையே மூக்கை மேலும் திருப்பிவிடும். கூடவே விமானம் உருளத் தொடங்கும். அந்தத் தகட்டை நடுவில் வைத்திருப்பதுதான் உயிர்.

மாட்டுங்கா மணி:
இவ்வளவு தொல்லை எதற்கு? செங்குத்தாக இறங்கும் புதிய போர் விமானம் எஃப்-35பி எடுத்துக்கொள்ளுங்கள். கணினியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. விமானிக்குப் பின்னால் ஒரு விசிறி, அதை இயந்திரமே தண்டு வழியாகச் சுழற்றுகிறது. மிதக்கும்போது குச்சியைப் பின்னால் இழுத்தால் மேலே, முன்னால் தள்ளினால் கீழே. என் பத்து வயது மகன் இரண்டாம் நாளே இறக்கிவிட்டான்.

ஜெயநகர் ஜெயந்தி:
உங்கள் மகனுக்கு வாழ்த்துகள். இறக்கியது அவனா, கணினியா என்பதுதான் என் சந்தேகம். 2025இல் திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது நினைவிருக்கிறதா? பெங்களூரிலிருந்து என் மாமா குடும்பத்தோடு அதைப் பார்க்கவே போய், வேலி தாண்டி ஒன்றும் தெரியாமல் பழம்பொரி தின்றுவிட்டுத் திரும்பினார். இந்த வாதத்துக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

அல்சூர் பெரியவர்:
மணி, எடைக் கணக்கை அணைக்க வசதி வேண்டும் என்றீர்கள். ஹாரியரின் மூதாதை பி.1127, 1960 அக்டோபரில் முதன்முதலாக மிதந்தபோது அதைக் கயிற்றால் தரையோடு கட்டி வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் பலம் மட்டுமட்டாக இருந்ததால், கழற்றக்கூடிய பாகங்களை எல்லாம் கழற்றி எடை குறைத்தார்கள். விமானி பில் பெட்ஃபோர்டுக்குக் கார் விபத்தில் அடிபட்டுக் காலில் மாவுக்கட்டு. அந்தக் கட்டோடுதான் ஏறி உட்கார்ந்தார். எடையோடு போட்ட அந்தச் சண்டைதான் இந்த விமானம். அதை அணைத்துவிட்டால் மிஞ்சுவது லிஃப்ட்.

குமரன், இப்படிச் செய்து பாருங்கள். குண்டுகளைக் கழற்றுங்கள். எரிபொருள் 1,400 கிலோ போதும். மதியத்தை விட்டுவிட்டு டிசம்பர் விடியற்காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள், 16 டிகிரி. நீர் சுவிட்சைப் போட மறக்க வேண்டாம். ஆனால் அந்த நீர் ஒன்றரை நிமிடம்தான் வரும்.

மாட்டுங்கா மணி:
லிஃப்ட் என்றால் லிஃப்ட்டாகவே இருக்கட்டும் பெரியவரே. எங்கள் கட்டடத்தில் அதுவும் ஓடுவதில்லை.

கோரமங்கலா குமரன்:
ஐயா சொன்னபடியே செய்தேன். எழும்பியது! முதல் மூன்று அடி தயங்கியது. பிறகு விறுவிறுவென்று மேலே போயிற்று. அறுபது அடியில் நிறுத்தி, மூக்கை மெல்ல நகர்த்தி, ஏரிப் பக்கம் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலிலும் இறக்கை நுனிகளிலும் காற்று பீச்சித்தான் திரும்புகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வேடிக்கையில் நீர் மானியைக் கவனிக்கவில்லை. தீர்ந்த பிறகும் உயரம் குறையாமல் இருக்கத் திராட்டிலை முழுவதும் தள்ளியே வைத்திருந்தேன். வெப்ப விளக்கு எரிந்தது, இயந்திரம் போயிற்று, விமானம் ஓடுதளத்துக்குப் பக்கத்துப் புல்லில் கிடக்கிறது.

புகாரை அழித்துவிட்டேன். ஆனால் விற்பனைப் பக்கத்தில் எடை வரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன். ஜெயந்தி அக்கா, அந்த ரப்பர் வளையம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?