‘வணக்கம்’ என்று பதில் எழுதாத நண்பர்: மாற்றுச் சமயத்தாரோடு இணையத்தில் முரண்பட்ட அனுபவங்கள்

இழையைத் தொடங்குபவர், கும்பகோணம்

நான் படித்த பள்ளியில் 1991ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தொடங்கி வைத்த குற்றத்துக்காக நிர்வாகிப் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கே ‘காலை வணக்கம்’ படங்கள் வரத் தொடங்கிவிடும். செம்பருத்திப் பூ, பனித்துளி, உதய சூரியன் என்று வரிசை கட்டும். (உதய சூரியன் கட்சிச் சின்னம் என்று ஒருவர் அதற்கும் சண்டை பிடித்தது தனிக்கதை.)

எங்களுள் இரும்புக்கடை வைத்திருக்கும் இஸ்லாமிய நண்பர் ஒருவர் உண்டு. யார் வணக்கம் சொன்னாலும் அவர் ‘காலை வாழ்த்துகள்’ என்றோ ‘நலம்தானே?’ என்றோதான் பதில் எழுதுவார். இதை மூன்று வாரம் கவனித்து வந்த இன்னொரு நண்பர் ஒரு நாள் இரவு, “தமிழில் வணக்கம் சொல்வதற்குக்கூட உனக்குக் கசக்கிறதா?” என்று குழுவிலேயே கேட்டுவிட்டார். பத்து நிமிடங்களில் நாற்பது செய்திகள் குவிந்தன. ஒருவர் எங்கிருந்தோ வந்த காணொலி ஒன்றைத் தள்ளிவிட்டார். அதற்குப் பதிலாக மற்றொருவர் மார்க்கப் பேச்சாளர் ஒருவரின் உரையைப் போட்டார். அந்த உரை 27 நிமிட நீளம். அதற்கான மறுப்பு இரண்டாவது நிமிடத்திலேயே வந்தது. எதிர்த் தரப்பு அனுப்பியதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிர்வாகி மட்டுமே எழுத முடியும் என்று அமைப்பை மாற்றிவிட்டுக் கடைக்கார நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

அவர் கோபப்படவே இல்லை, களைத்திருந்தார். “வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை என்று மதரசாவில் தமிழில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உனக்கு வணக்கம் என்பது கும்பிடு. எனக்கு அது தொழுகையோடு சேர்ந்த சொல். என் தம்பி எல்லாரிடமும் தாராளமாக வணக்கம் சொல்வான். எங்கள் வீட்டிலேயே இது தீராத வழக்கு” என்றார். இதையே நாளைக் காலையில் உன் சொற்களில் குழுவில் எழுது என்று கேட்டுக்கொண்டேன். நான்கு வரி எழுதினார்.

கேள்வி கேட்ட நண்பர் அதை ஏற்கவில்லை. வணங்குதல் என்றால் வளைதல், பணிதல் என்பதே அடிப்படைப் பொருள் என்றும், பொதுச் சொல் ஒன்றை ஒரு சமயம் தனக்கென ஒதுக்கிக்கொள்ள முடியாது என்றும் அவர் வாதிட்டார். வழக்கில் ஒரு சொல் வேறு பொருள் கொண்டுவிட்டால் அகராதி அதைத் தடுக்க முடியாது என்று இவர் பதில் சொன்னார். இரண்டு நாள் ஓடிய அந்த வாதத்தில் இருவரும் தத்தம் இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் ஒரு காணொலிகூட இடையில் வரவில்லை, ஒருவரும் குழுவை விட்டு வெளியேறவில்லை. அதன்பிறகு சமயம் பற்றி எழுதுவோர் தம் சொற்களில், ‘நான்’ என்று தொடங்கி எழுத வேண்டும், பிறர் அனுப்பியதைத் தள்ளிவிடக் கூடாது என்று நான் விதி வைத்தேன். வதந்தியால் உயிர்கள் போனபின், 2018இல், வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் செய்தியைத் தள்ள முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020இல் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. எங்கள் குழுவில் நெருப்புப் பற்ற அந்த ஒருமுறையே போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள். எந்த சமயம் உயர்ந்தது என்ற பேச்சு இந்த இழைக்கு வேண்டாம்.

உறுப்பினர், பாளையங்கோட்டை

என் அனுபவத்தில் தவறு என்னுடையது. அதனால் எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் சபையின் ஜெபக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய செய்தி ஒன்றை, விரல் பிசகி, நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் போட்டுவிட்டேன். ‘அஞ்ஞான இருளில் இருக்கும் நம் தெரு மக்களின் இரட்சிப்புக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்’ என்பது அதன் வாசகம். தண்ணீர் லாரி வரும் நேரமும் மின்தூக்கிப் பழுதும் பேசப்படும் குழு அது. நான் நீக்குவதற்குள் பதினோரு பேர் படித்திருந்தார்கள்.

எதிர்வீட்டு அம்மா என்னை ஒருமையில் அழைக்கும் உரிமையுள்ளவர். என் மகளின் பிரசவத்தின்போது மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பியவர். அன்று மாலை கதவைத் தட்டி, குரலை உயர்த்தாமல், “இந்த அஞ்ஞானி நானா?” என்று கேட்டார். அது பழைய கிறிஸ்தவத் தமிழ், எங்கள் தாத்தா காலத்திலிருந்து புழங்குவது, தனிப்பட யாரையும் குறிப்பதில்லை என்றெல்லாம் நான் விளக்கப் பார்த்தேன். சொல்லச் சொல்ல விளக்கம் என் வாயிலேயே மெலிந்துகொண்டு போனது. “எனக்காக நீ ஜெபம் பண்ணு, நானும் உனக்காக நெல்லையப்பரிடம் வேண்டிக்கொள்கிறேன், அதில் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு முன்னால் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, நான் இல்லாத இடத்தில் எனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறாயே” என்றார் அவர்.

அந்தச் சொல்லைக் கைவிடும்படி சபைக்குழுவில் எழுதினேன். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். வேதத்தின் சத்தியத்தை அக்கம்பக்கத்தாருக்காக மழுப்புவதாக ஒரு மூப்பர் என்னைக் கண்டித்தார். இயேசு ஒருவரே வழி என்ற என் விசுவாசத்தில் நான் எதையும் மழுப்பவில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும், அந்த அம்மா படித்தால் நான் கூசக்கூடிய எதையும் இப்போது எந்தக் குழுவிலும் எழுதுவதில்லை.

உறுப்பினர், மதுரை (வழக்கறிஞர்)

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பாரின் சமய உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்குடன் புண்படுத்துவது 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேள்வி கேட்பதோ மறுப்பதோ மட்டும் இக்குற்றமாகிவிடாது. தீய நோக்கம் இருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் எழுதியதற்கு நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் மற்றவர் குற்றவாளியாக மாட்டார் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது.

என்னிடம் இப்படிப்பட்ட புகாரோடு வருவோரில் பெரும்பாலோர் எழுத்தின் திரைப்பிடிப்பைக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் தாங்கள் எழுதிய வரி மட்டும் அதில் வெட்டப்பட்டிருக்கும். முழு உரையாடலையும் கொண்டு வாருங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

உறுப்பினர், மட்டக்களப்பு (பாடசாலை ஆசிரியை)

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நான் முஸ்லிம். என்னோடு கற்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியை ஒருவரின் உறவுக்காரப் பிள்ளை அன்று காயப்பட்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியிருந்த அந்த நாட்களில், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சற்று நிம்மதியாகத்தான் இருந்தது. அவருக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தடை நீங்கியதும் ஆசிரியர் குழுவில் முதலில் வந்த கேள்வி, “உங்கள் பள்ளிவாசல்களில் என்னதான் கற்பிக்கிறார்கள்?” என்பது. கேட்டவர் கண்ணியமானவர்தான். ஆனால், நான் பதில் சொன்னால் குற்றத்தை ஏற்று விளக்கம் கொடுப்பவளாகிறேன், சொல்லாவிட்டால் மறைப்பவளாகிறேன். அரை மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று என் பெயருக்குக் கீழே வந்து வந்து மறைந்ததை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அப்போது அந்தக் கிறிஸ்தவ ஆசிரியையே, “அவவிடம் இதைக் கேட்க வேண்டாம், அவ என் பிள்ளையைப் பார்க்க வைத்தியசாலைக்கு வந்தவ” என்று எழுதினார்.

அடுத்த மாதம் சிலாபத்தில் நடந்ததை இந்தியாவில் உள்ளவர்கள் மறந்திருக்கலாம். முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூல் வாக்குவாதமொன்றில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். குண்டுவெடிப்பு முடிந்து மூன்று வாரமே ஆகியிருந்த வேளையில் அது அடுத்த தாக்குதலுக்கான மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் கல்லெறிபட்டன, ஊரடங்கு போடப்பட்டது. தன்னைப் பரிகசித்தவனுக்கு ஒருவர் எரிச்சலில் எழுதிய வரி அது. முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் குரலே பொருளைச் சொல்லியிருக்கும்.

அதிலிருந்து நான் ஒன்றை வழக்கமாக வைத்திருக்கிறேன். சினமூட்டும் வரி எதைக் கண்டாலும், பதில் எழுதும் முன் எழுதியவருக்குத் தனியே, “நீங்கள் சொல்ல வந்தது இதுதானா?” என்று கேட்டுவிடுகிறேன். சில தடவை, ஆம் இதுதான் என்றே பதில் வந்திருக்கிறது. அப்போது சண்டை போட்டும் இருக்கிறேன்.

உறுப்பினர், நாகர்கோவில் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பழைய காலத்தில் சமய வாதம் கண்ணியமாக நடந்தது, இணையம் வந்துதான் கெடுத்தது என்று யாரும் சொல்லிவிடும் முன் ஒன்றை நினைவூட்டுகிறேன். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா (அருளால் பிறந்தவையா) மருட்பாவா (மயக்கத்தில் பிறந்தவையா) என்று சைவர்களே தமக்குள் துண்டறிக்கைகளில் ஏசிக்கொண்டார்கள். விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடுத்த தலைமுறையில் அந்தச் சண்டை மீண்டும் மூண்டபோது, அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டவர்களுள் எங்கள் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைப்பது) செய்துகாட்டிய அவர் இஸ்லாமியர். தம் மார்க்கத்தில் ஊன்றி நின்றுகொண்டே, சைவப் பனுவலை வரி வரியாகப் படித்துவிட்டு வாதத்துக்கு வந்தவர். பிறர் நூலைப் படித்துவிட்டு மறுப்பவரை நான் குழுக்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

உறுப்பினர், தென்காசி

எல்லாருடைய பதிவுகளையும் படித்தேன். எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருக்கும் குழுக்களில் யாரும் என்னைத் திட்டுவதில்லை. ‘அரிசி மூட்டை’ (அரிசிக்காக மதம் மாறியவர்) என்ற வசையை வெளியே முகநூலில் வாங்கியிருக்கிறேன். அது எளிது, அடைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மதமாற்றம் என்ற பேச்சு வந்தாலே 1981 மீனாட்சிபுரம் வந்துவிடும். உடனே படித்த நண்பர்கள், மிகவும் பண்பான தமிழில், ‘பாவம், ஏமாற்றப்பட்டவர்கள்’, ‘அறியாமையில் போனவர்கள்’ என்று எழுதுவார்கள். அங்கே இஸ்லாத்துக்குப் போனவர்கள் சாதிக் கொடுமை தாளாமல் போனார்கள். என் தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே, வேறு ஊரில், கிறிஸ்தவரானார். காரணம் கிட்டத்தட்ட அதேதான். தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர் எதை யோசித்து, எதை விட்டு, எதைப் பிடித்தார் என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவருக்கு மூளை இருந்தது என்ற எண்ணமே அந்தப் பண்பான வாக்கியங்களில் இல்லை.

ஒருமுறை நான் பொறுக்க முடியாமல் கடுமையாகப் பதில் எழுதினேன். நிர்வாகி என்னைத்தான் எச்சரித்தார்: ‘மொழியில் நிதானம் தேவை.’ மற்றவர் எழுதியதில் ஒரு தகாத சொல் இல்லை என்பது உண்மைதான். இரும்புக்கடை நண்பர் நான்கு வரி எழுதி விளக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பு அக்கா அரை மணி நேரம் எழுதி அழிக்க வேண்டியிருந்தது. விளக்கம் சொல்லும் வேலை எப்போதும் ஒரே பக்கம்தான் விழுகிறது என்பதை இழை தொடங்கியவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

இழையைத் தொடங்கியவர், கும்பகோணம்

தென்காசி நண்பருக்கு: கவனிக்கவில்லை. உங்கள் பதிவைப் படித்தபின் எங்கள் குழுவின் பழைய செய்திகளைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். வணக்கச் சண்டையில் என் இரும்புக்கடை நண்பரிடம் விளக்கம் எழுதச் சொன்ன நான், மூன்று வாரம் கணக்கு வைத்துக் காத்திருந்தது ஏன் என்று மற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. நீங்கள் குறிப்பிட்ட அதே ‘ஏமாற்றப்பட்டவர்கள்’ என்ற சொல் கடந்த மார்கழியில் எங்கள் குழுவிலும் வந்திருக்கிறது. எழுதியவர் ‘நான்’ என்றுதான் தொடங்கியிருக்கிறார், சொந்தச் சொற்களில்தான் எழுதியிருக்கிறார்; என் விதிகள் எதையும் மீறவில்லை. அதற்குக் கீழே நான் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறேன். மறுநாள் இரண்டு பேர் குழுவை விட்டு விலகியதாகச் சாம்பல் நிற வரிகள் இருக்கின்றன. கைபேசி மாற்றியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நேற்று இருவரையும் அழைத்தேன். ஒருவர் நெடுநேரம் பேசினார். குழுவுக்குத் திரும்ப விருப்பமில்லை என்றும், என் வீட்டுக்கு வருவதில் தடையில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் இதுவரை எடுக்கவில்லை.