பழைய டிராவல் டிரெய்லரின் பக்கத் தாங்கிகளை நாமே செய்ய முடியுமா?

வணக்கம். பழைய டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். தரைப் பலகையைத் தூக்கியதும்தான் விஷயம் தெரிந்தது. நீளவாக்கில் ஓடும் இரண்டு சி-சேனலும் (C வடிவ இரும்புச் சட்டம்) பரவாயில்லை, சுத்தியலால் தட்டினால் ணங்கென்று கேட்கிறது. அவற்றிலிருந்து வெளியே நீண்டு சுவரைத் தாங்கும் பக்கத் தாங்கிகள்தான் போய்விட்டன. ஒன்றில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், மறுபக்கம் வந்துவிட்டது! மொத்தம் ஆறு மாற்ற வேண்டும்.

கெடாத ஒன்றைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டிவிட்டேன். நுனிப் பக்கம் குறுகும் வடிவம், மேலும் கீழும் மடிப்பு, நடுவில் விளிம்பு மடித்த வட்ட ஓட்டை. துரு ஏறாத இடத்தில் தகடு 2 மி.மீ. இருக்கிறது.

ஓட்டையின் விளிம்பை மடிக்க என்னிடம் டை (அழுத்தும் அச்சு) இல்லை. ஓட்டையே போடாமல் விட்டால் எடை கூடுவதைத் தவிர வேறு பாதகம் உண்டா? அப்புறம், வெல்டிங் சூட்டில் சேனல் கோணாமல் இருக்க எந்த வரிசையில் பற்றவைப்பீர்கள்? துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு தகடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், பற்றவைக்கும்போது வரும் அந்தத் துத்தநாகப் புகை ஆகாது.

இன்னொன்று. வெளிக்கூடு அலுமினியம். இரும்போடு ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். இடையில் என்ன வைக்கிறீர்கள், ரப்பர் பட்டையா, டேப்பா? செய்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள்.