கயானா கையெட்டூர் அருவி: பகல் விமானமா, காட்டு வழி நடையா?

நிலாமதி கேட்டது:

வணக்கம். அலுவலக வேலையாகத் தென் அமெரிக்காவின் கயானாவுக்கு, அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குப் போகிறேன். வேலை முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது, அம்மாவும் உடன் வருகிறார். கையெட்டூர் அருவியைப் பார்க்காமல் திரும்புவதாக இல்லை. ஆனால் விசாரித்த இடத்தில் எல்லாம் பகல் விமானப் பயணம் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: சிறிய விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம், உடனே திரும்பல். அவ்வளவு தூரம் போய் இரண்டே மணி நேரமா என்று இருக்கிறது. தரைவழியாகவும் போகலாமாம். அம்மாவுக்கு 63 வயது, நன்றாக நடப்பார், ஏற்றம் என்றால் முழங்கால் வலிக்கும். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

உழவாரன்:

நிலாமதி, இரண்டு மணி நேரம் போதவே போதாது. அம்மாவுடன் விமானத்திலேயே போங்கள், ஆனால் ஓர் இரவு மேலே தங்குங்கள். அருவி இருப்பது கையெட்டூர் தேசியப் பூங்காவில். அங்கே விமானத் தளத்தை ஒட்டிப் பூங்காவின் எளிய விருந்தினர் இல்லம் இருக்கிறது. பூங்காவைக் கவனிக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சாப்பாடு, டார்ச், போர்வை எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

ஏன் தங்கச் சொல்கிறேன் என்றால், அந்த அருவியின் மிக அழகான நேரம் பகல் விமானங்கள் கிளம்பிப் போன பிறகுதான் வருகிறது. தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பெரிய குகை ஒன்று உண்டு. மேலே கெட்டியான மணற்பாறை, அடியில் மென்மையான அடுக்கு. அடி அரித்து அரித்து உள்ளே போய்விட, மேல்பாறை கூரையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. உழவாரக் குருவிகள் ஆயிரக்கணக்கில் அடைவது அங்கேதான். பொழுது சாயும்போது மலை இடுக்கின் மேல் கூட்டம் கூட்டமாக வட்டமிடும். பிறகு ஒவ்வொன்றாகச் சிறகை ஒடுக்கி, செங்குத்தாக விழுந்து, அருவிக்குப் பின்னால் மறையும். அந்த வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. எனக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம் உண்டு, அதனால் கூடுதலாகச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். பறவை பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் அங்கே பேச்சற்று நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அருவியைப் பற்றி: பொட்டாரோ ஆறு முழுவதும் ஒரே பாய்ச்சலில் 226 மீட்டர் விழுகிறது. வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர், உயரத்தில் இது அதன் பக்கத்தில் வர முடியாது. ஆனால் ஏஞ்சல் ஒரு மெல்லிய நீர்க்கோடு. இங்கே விழுவது அகன்ற ஆறு, சராசரியாக விநாடிக்கு 663 கன மீட்டர். இலை தழை ஊறிய தண்ணீர் என்பதால் விளிம்பில் கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும், விழ விழ வெளுக்கும். 1870 ஏப்ரலில் பாரிங்டன் பிரவுன் என்ற நிலவியலாளர் இதைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறார்கள். பட்டமோனா என்ற பழங்குடி மக்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வாழ்கிறார்கள். தன் மக்களைக் காக்க ஓடத்தோடு அருவியில் இறங்கிய காய் என்ற தலைவனின் கதையை வழிகாட்டியிடம் கேளுங்கள், அவர்கள் வாயால் கேட்க வேண்டிய கதை அது.

பாதையில் அவசரப்படாதீர்கள். ஆளை விட உயரமாக வளரும் பிரோமிலியாட் (அன்னாசிக் குடும்பம்) செடிகளின் இலைக் கக்கத்தில் மழைநீர் தேங்கும். அந்தத் தண்ணீரிலேயே முட்டையிட்டு, தலைப்பிரட்டையாகி, வாழ்ந்து முடிக்கும் பொன்னிறக் குட்டித் தவளை ஒன்று உண்டு, விரல் நகம் அளவுதான். காலையில் போனால் வழிகாட்டியே காட்டித் தருவார். அம்மாவுக்குப் பிரச்சினை இருக்காது, பாதை ஏறக்குறைய சமதளம். வேரும் ஈரப் பாறையும் உண்டு, ஊன்றுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாரல்:

உழவாரன் அண்ணா சொல்வது அம்மாவுக்குச் சரி. அக்கா, நீங்கள் தனியாகப் போவதாக இருந்தால் தரைவழியைத்தான் சொல்வேன். நான் அப்படித்தான் போனேன். ஜார்ஜ்டவுனிலிருந்து ஜீப்பில் செம்மண் சாலை, எஸ்ஸக்கிபோ ஆற்றைத் தாண்டி மதியா என்ற தங்கச் சுரங்க ஊர்ப் பக்கம். அப்புறம் பமேலா லேண்டிங்கில் படகு. அமட்டுக், வரட்டுக் என்று வழியில் படகு தாண்ட முடியாத நீர்ப்பாய்ச்சல்கள் குறுக்கிடும். அங்கெல்லாம் இறங்கி, சாமான் சுமந்து நடந்து, மேலே வேறு படகு பிடிக்க வேண்டும். இரவில் ஏணைத் தூக்கம். துகைட் என்ற இடத்திலிருந்து மேலே ஏறுவது மூன்று நான்கு மணி நேரம், மூச்சு வாங்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். ஆனால் மலை இடுக்கின் அடியில் படகில் வரும்போது தூரத்தில் அந்த வெள்ளைத் தூண் முதலில் தெரியும் பாருங்கள், அதை விமானத்தில் வருபவர்களுக்குக் காட்ட முடியாது. ஏறித் திரும்ப விமானத்தில் வந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நிலாமதி:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் குருவிகளைப் பற்றிப் படித்துக் காட்டினேன், இரவு தங்குவது உறுதியாகிவிட்டது. எந்த மாதம் நல்லது? கைப்பிடிக் கம்பி கிடையாது என்று கேள்விப்பட்டேன், அது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உழவாரன்:

கம்பி கிடையாது, வெறும் பாறை விளிம்புதான். வழிகாட்டி இல்லாமல் விளிம்புப் பக்கம் விட மாட்டார்கள், அவர் நிற்கச் சொல்லும் இடத்தில் நின்றால் போதும். ஜான்சன், பாய் ஸ்கவுட், ரெயின்போ என்று மூன்று பார்வையிடங்கள் உண்டு. எதிலும் விளிம்புக்குப் போகாமலே அருவி நன்றாகத் தெரியும். அம்மா உட்கார்ந்தே பார்க்கலாம்.

மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை பெருமழை. ஆறு நிறைந்து ஓடும், ஆனால் பனிமூட்டம் அருவியையே மூடிவிடும், விமானமும் தள்ளிப்போகும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் தண்ணீர் மெலிந்துவிடும். மழை ஓய்ந்த கையோடு, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். ஆறும் நிறைந்திருக்கும், வானமும் வெளுத்திருக்கும்.

அருவிக்கான சிறிய விமானம் கிளம்பும் ஓகிள் விமான நிலையத்தில் பையோடு உங்களையும் எடை போடுவார்கள், சாமானைக் குறைத்துக்கொள்ளுங்கள். போதிய பயணிகள் சேராவிட்டால் விமானம் கிளம்பாது. தங்கிவிட்டுத் திரும்பும் நாளில் உங்கள் இருக்கை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வெளிநாட்டு விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதைப் போடலாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் அம்மாவை முதலில் அவரிடம் கூட்டிப் போங்கள், மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதன்பிறகு டிக்கெட் எடுங்கள்.