மலையேற்றத்தில் 232 டிகிரி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டிருக்குமா?

கேள்வி:
வணக்கம். கொலராடோவில், டென்வரிலிருந்து மேற்கே செல்லும் ஐ-70 நெடுஞ்சாலையில், சுமார் 5,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரை என் பிக்கப் டிரக்கில் இழுத்துச் சென்றேன். வழக்கமாக 195 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் கியர் ஆயில் மானி, ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முந்தைய ஏற்றத்தில், லாரிகளின் பின்னால் 30 மைல் வேகத்தில் ஊர்ந்தபோது 232 வரை ஏறி, இறக்கத்தில் பத்தே நிமிடத்தில் 200க்குத் திரும்பியது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஆயிலை உடனே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
பதற வேண்டாம். 175 முதல் 200 வரை இயல்பு; சுமையோடு ஏறும்போது 220ஐத் தொடுவதும் வழக்கமே. ஏறத்தாழ 240இல் ஆயில் சிதைந்து உள்ளே பிசின்போல் படியத் தொடங்கும். 260ஐ ஒட்டி ரப்பர் சீல்கள் இறுகும். 300ஐ நெருங்கினால் கிளட்ச் தகடுகள் வழுக்கும். 175க்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்ற கணக்கு பழைய கனிம எண்ணெய்க்கு உரியது. இன்றைய செயற்கை எண்ணெய்க்கு அதை அப்படியே பொருத்துவது வீண் அச்சம். ஆயிலைத் தொட்டு முகர்ந்து பாருங்கள்: கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். சுமை இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை அதற்கேற்ப மாற்றும் டோ/ஹால் பொத்தானை அழுத்தியிருந்தீர்களா?

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். சூட்டின் பெரும்பகுதி பிறப்பது பற்சக்கரங்களில் அல்ல, எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில்தான். மெதுவான ஏற்றத்தில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் அதன் லாக்கப் கிளட்ச் விடுபட்டுவிடுவதால், எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கு ஆயிலைக் கலக்குவதிலேயே வெப்பமாகிப் போகிறது. போதாக்குறைக்கு, சுரங்கம் இருப்பது 11,000 அடிக்கும் மேலே. அங்குள்ள மெல்லிய காற்று, ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலிருந்து வெப்பத்தைக் குறைவாகவே அள்ளிச் செல்லும். ஆகவே கியரைக் கையால் ஒரு படி குறைத்து, லாக்கப் பிடிக்கும்படி எஞ்சின் சுழற்சியை உயர்த்துங்கள். எஞ்சின் அலறுகிறதே என்று அஞ்ச வேண்டாம். அந்தச் சத்தம் கியர்பாக்ஸுக்கு நல்லது. 250ஐத் தாண்டினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்து, நியூட்ரலில் எஞ்சினைச் சற்றே உயர்ந்த சுழற்சியில் ஓடவிடுங்கள். எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும். ஆயில் கூலருக்கே போகாது. சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க் நிலையிலும் போகாது என்பதால்தான் நியூட்ரல் என்கிறேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: டோ/ஹால் பொத்தானை அன்று நான் தொடவே இல்லை. ஆயில் சிவப்பாகவே இருக்கிறது, தீய்ந்த வாடையும் இல்லை. நேற்று அதே ஏற்றத்தில், அதே டிரெய்லரோடு, டோ/ஹாலைப் போட்டு மூன்றாம் கியரில் ஏறினேன். மானி 214க்கு மேல் செல்லவில்லை.