‘குப்புசாமி குடும்பம்’ குழுவில் வீட்டு மதிப்பீடு பற்றிய உரையாடல்

கவிதா (லீட்ஸ்), மாலை 6.12
அனைவருக்கும் வணக்கம். என் பிரசவ சமயத்தில் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து இருப்பதற்காகப் பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். வங்கிக் கணக்கு விவரமும் அப்பாவின் ஓய்வூதியச் சான்றும் தயாராக உள்ளன. கும்பகோணம் வீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கை ஒன்றையும் இணைப்பது நல்லது என்று தோழிகள் சொல்கிறார்கள். அதை யாரிடம் வாங்குவது, என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று பெரியப்பா சொல்ல வேண்டும்.

சரவணன், மாலை 6.20
எனக்குத் தெரிந்த முகவர் ஒருவர் இருக்கிறார், சித்தப்பா. பத்திர நகலை அனுப்பினால் போதும், வீட்டுக்கு வராமலே மறுநாள் அறிக்கை தந்துவிடுவாராம். தாத்தாவின் நிலத்தையும் சேர்த்து இரண்டு கோடி என்று எழுதிக்கொள்ளலாம் என்கிறார்.

சரோஜா அத்தை, மாலை 6.24
அப்பா உயில் எழுதாமல் போனார். அந்த நிலத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த முகவரிடம் சொல்லிவிடப்பா, சரவணா.

ராமலிங்கம் பெரியப்பா, மாலை 6.47
சரோஜா சொல்வது சட்டப்படியும் சரி. அது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்பதால் எங்கள் நால்வருக்கும் சம பங்கு. பட்டாவோ இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பாகப்பிரிவினை ஆகாத சொத்து முழுவதையும் தம்பியின் சொத்தாகக் காட்டினால் அது பொய்யாகிவிடும். விண்ணப்பத்தில் ஏமாற்று இருப்பதாக முடிவு செய்தால் பிரிட்டன் விதிப்படி பத்தாண்டு வரை தடை விழலாம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது தேவையா?

கவிதா, அந்நாட்டு விதிகளில் வி 4.2 என்ற பகுதியைப் படித்துப் பார். வருகிறவர் தங்கும் காலம் முடிந்ததும் புறப்பட்டுவிடுவாரா, செலவுக்குப் போதிய பணம் வைத்திருக்கிறாரா என்பவைதான் அங்கே முக்கியமான கேள்விகள். பயணச் செலவுக்கு வீட்டை விற்கப்போவதில்லை. ஆகவே பணம் பற்றிய கேள்விக்கு வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும்தான் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வருவதற்கு ஊரில் வீடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே இந்த அறிக்கை துணை நிற்கும். அந்த வேலைக்கு 60 லட்சமும் ஒன்றுதான், இரண்டு கோடியும் ஒன்றுதான்.

மாதவன் (கவிதாவின் அப்பா), மாலை 6.55
நான் சரவணன் சொன்னதற்குப் பாதி சம்மதமாக இருந்தேன் அண்ணா. இனி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மதிப்பீட்டாளர் வந்தால் என்ன செய்வார்?

ராமலிங்கம் பெரியப்பா, இரவு 7.20
வங்கியில் இருந்தபோது இத்தகைய அறிக்கைகளை நூற்றுக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். அரசுப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் நேரில் வந்து நாடாவைப் பிடித்து அளப்பார், நான்கு எல்லைகளையும் பத்திரத்தோடு ஒத்துப்பார்ப்பார், வாசலில் உங்களை நிற்கவைத்துப் படமும் எடுப்பார். மனைக்குத் தனியாக, கட்டடத்துக்குத் தனியாகக் கணக்குப் போடுவார். நம் கட்டடம் 1,100 சதுர அடி. இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று வைத்தால் 19.80 லட்சம் வரும். ஆனால் வீட்டுக்கு 27 வயதாகிவிட்டது. ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு பத்து விழுக்காடு என்று கொண்டால் தேய்மானம் மட்டும் 40.5 விழுக்காடு போய், ஏறக்குறைய 11.80 லட்சம்தான் நிற்கும். பார்த்துப் பார்த்து வளர்த்த வீட்டுக்கு இவ்வளவுதானா என்று வசந்தாவுக்கு வருத்தமாக இருக்கும். மனை விலை அதை ஈடுகட்டிவிடும்.

மனைக்குப் பத்திரப் பதிவுக்காக அரசு குறிக்கும் வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும் தனித்தனியே இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாதது வழக்கம்தான், அதற்காகப் பயப்பட வேண்டாம். 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, 2023இல் மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். எனவே எந்தத் தேதியின் மதிப்பு என்பது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும்.

கவிதா (லீட்ஸ்), இரவு 7.31
மிக்க நன்றி, பெரியப்பா. கிரயப் பத்திரம் தமிழில் இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று விதியில் உள்ளது. வெல்ஷுக்குக் கிடைத்த சலுகை தமிழுக்குக் கிடைக்கவில்லை!

ராமலிங்கம் பெரியப்பா, இரவு 7.36
மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும், அம்மா. மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். தம்பி, மதிப்பீட்டாளரை அழைப்பதற்கு முன் பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீது மூன்றிலும் யார் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

வசந்தா (கவிதாவின் அம்மா), இரவு 8.05
பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டோம். 2004ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் எங்கள் இருவர் பெயரிலும் சரியாக இருக்கிறது. பட்டாவும் அப்படியே. ஆனால் வீட்டுவரி ரசீதில் நமக்கு வீட்டை விற்றவரின் பெயர்தான் இன்னமும் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் பணம் கட்டிய தேதியைத்தான் பார்த்திருக்கிறோம், பெயரைப் பார்க்கவே இல்லை.

ராமலிங்கம் பெரியப்பா, இரவு 8.09
முதல் வேலை அதுதான். நாளைக் காலை பத்திர நகலோடு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளரை அதன் பிறகு நான் அழைத்து வருகிறேன்.

மாதவன், இரவு 8.11
சரி அண்ணா. அலுவலகம் திறக்கும்போதே அங்கே இருப்பேன்.