குமிழ்க்கன்று: இமயமலை ராட்சத லில்லிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இமயமலை ராட்சத லில்லியைப் பற்றிய நம் வரைவில், அதன் குமிழின் (வெங்காயம் போல மண்ணுக்குள் இருக்கும் பகுதி) அடியில் வரும் சிறு குமிழுக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். 'குமிழ்க்கன்று' என்பதற்குப் பதிலாகக் குழுவில் வந்த யோசனை இது:

> தாய்க்குமிழை ஒட்டி வருவதைச் 'சேய்க்குமிழ்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

நல்ல சொல்தான். ஆனால் இந்த இடத்துக்குக் 'குமிழ்க்கன்று' இன்னும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

இந்த லில்லியின் தாவரவியல் பெயர் கார்டியோகிரைனம்; இமயமலைக் காட்டு நிழலில் வளர்வது. கிரேக்கத்தில் 'இதய லில்லி' என்று பொருள்; இலை அந்த வடிவம். தண்டு பத்தடி உயரம் போகும். விதை முளைக்கவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகலாம், பூக்க ஏழு ஆண்டு வரை பிடிக்கும். பூத்துக் காய்த்ததும் குமிழ் செத்துவிடும். ஆனால் அடியில் சிறு குமிழ்களை விட்டுவிட்டுத்தான் போகும். அவற்றைப் பிரித்து, நுனி மண்மட்டத்தில் இருக்கும்படி மக்கிய இலைமண்ணில் நட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பூக்கும்.

இதைப் படித்ததும் காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கிணற்றடி வாழைதான் நினைவுக்கு வந்தது. குலையை இறக்கியதும் ஆச்சி, "தாய்மரத்தைச் சாச்சிரு, கன்று தலையெடுக்கட்டும்" என்பார்கள். ஈட்டி போல இலை விட்ட கன்றாகப் பார்த்து, சுற்றிலும் மண்ணைப் பறித்து, கிழங்கோடு கடப்பாரையால் நெம்பி எடுப்பார்கள். வெட்டுவாயில் பால் போல நீர் கசியும். தாய் ஒருமுறை ஈன்று மடிகிறது, கன்று தொடர்கிறது. லில்லியிலும் அதேதான் நடக்கிறது. 'கன்று' என்றாலே தோட்டக்காரருக்கு இந்த முழுக் கதையும் தெரிந்துவிடும். 'சேய்' என்றால் விளக்க வேண்டியிருக்கும்.

வாழைக்கன்று கிழங்கிலிருந்து வருவது, இது குமிழாயிற்றே என்று கேட்கலாம். அதற்காகத்தான் முன்னால் 'குமிழ்'.

அப்புறம், புலி லில்லியின் இலைக்கக்கத்தில் மிளகு போலக் கறுப்பாக உருளும் சின்னக் குமிழ்களுக்கும் ஒரு சொல் வேண்டும். சேய்க்குமிழை அதற்கே கொடுத்துவிடலாம். மண்ணுக்குக் கீழே கன்று, மேலே சேய்.

இன்னொன்று: வரைவில் லில்லியை 'அல்லி' என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். அல்லி எங்கள் ஊரணியில் பூப்பது. லில்லி, லில்லியாகவே இருக்கட்டும்.

சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். ஒரு காய் நட்டுப் பல காயாகப் பிரிவதை உங்கள் பக்கம் எப்படிச் சொல்கிறார்கள்? கன்றைவிட நல்ல சொல் வயலில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.