புதுப்பிப்பு: எலக்ட்ரிக் சைக்கிளுக்கு அகல டயர் போட்டாச்சு

காவேரிப்பட்டணத்துலருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போற என் எலக்ட்ரிக் சைக்கிளுக்கு அகலமான ரோடு டயர் எது வாங்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முண்டு முண்டா இருக்கிற பட்டன் டயரைக் கழட்டிட்டு 50-559 ரோடு டயர் போட்டேன். 50 டயரோட அகலம். 559 ரிம்ல டயர் உட்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர். 26 இன்ச் சக்கரத்துக்கு இந்த 559. 27.5க்கு 584, 29க்கு 622. வாங்கும்போது டயர் ஓரத்துல இருக்கிற இந்த நம்பரைத்தான் பாக்கணும்.

பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதா எடுத்தேன், அதுதான் முக்கியம். சர்வீஸ் ரோடு ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். பின் சக்கரத்துல மோட்டார் வேற. கழட்டணும்னா வயர் கனெக்டரைப் பிரிச்சு, 18 ஸ்பேனர்ல நட்டைத் திருப்பி, வாஷரை அதே வரிசையில மாட்டணும். வெயில்ல ரோட்டோரம் நின்னு அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

காத்து என் வெயிட்டுக்கு முன்ன 35 psi, பின்ன 45 psi. டயர்ல போட்டிருக்கிற அதிகபட்சத்துக்கு அடிச்சா அகல டயர் வாங்கினதே வீண், குழியெல்லாம் இடுப்புல தெரியும்.

பதில்ல 55 மில்லிமீட்டர் அகல டயர் போடச் சொன்ன அண்ணா, மட்கார்டு கம்பிக்கும் டயருக்கும் நடுவுல இப்பவே சுண்டுவிரல்தான் நுழையுது. இந்த ஃபிரேம்ல அது உரசும்.